தெருவில் நின்று கேட்டவர்

ஆம்பூரில் பைபாஸை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற வேலை. வலது பக்கமிருந்து தோல் துண்டை எடுத்து, ஊசிக்குக் கீழே வைத்து, வளைவில் திருப்பி, முடித்து, இடது பக்கம் தள்ள வேண்டும். மறுபடியும் வலது பக்கம். முப்பத்தோரு வயதில் ஒரு நாள் காலை பாயிலிருந்து என்னால் எழ முடியவில்லை. என் வீட்டுக்காரர்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தார். அவர் வேறொரு ஷூ கம்பெனியில் மெக்கானிக். பழுதான மெஷினைப் பார்ப்பதுபோல என்னை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "எந்த எடத்துல புடிக்குது? வெரல வெச்சுக் காட்டு" என்றார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். மாத்திரையும் இடுப்புக்கு ஒரு பெல்ட்டும் கொடுத்தார்கள். வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர், தனக்கும் இதே வலி இருந்ததாகவும், காட்பாடியில் ஒரு அம்மா யோகா சொல்லிக் கொடுத்துக் குறைந்ததாகவும் சொன்னார். எனக்கு நம்பிக்கையில்லை. யோகா என்றால் காலைத் தூக்கிக் கழுத்தில் போட்டுக்கொள்வது என்று நினைத்திருந்தேன். குனிந்து தண்ணீர்க் குடம் எடுக்க முடியாதவளுக்கு அது எதற்கு? என் வீட்டுக்காரர்தான் வற்புறுத்தினார். "போய்ப் பாக்கறதுல இன்னா போச்சு? புடிக்கலன்னா வந்துரு."

காட்பாடி அம்மா என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். மெஷினில் எப்படி உட்காருவேன் என்று உட்கார்ந்து காட்டச் சொன்னார். பிறகு ஒரே ஒரு காரியம் சொன்னார். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே கைகளை மேலே தூக்க வேண்டும். விட்டுக்கொண்டே இறக்க வேண்டும். மூச்சு முடிகிற இடத்தில் கையும் முடிய வேண்டும். பன்னிரண்டு நாள் அதைத் தவிர வேறு எதுவும் சொல்லித் தரவில்லை. மூன்றாவது மாதம் நான் மறுபடி மெஷினில் உட்கார்ந்தேன். ஆனால் காட்பாடிக்குப் போவதை விடவில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்த அம்மாவே, "நீ சொல்லிக் கொடுக்கவும் கத்துக்கோ" என்று தான் படித்த இடத்துக்கு, சென்னைக்கு, அனுப்பி வைத்தார். நான்கு வருடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விடிகாலை ரயில் ஏறி, ராத்திரி எட்டு மணிக்கு ஆம்பூரில் வந்து இறங்குவேன். ஸ்டேஷன் வாசலில் என் வீட்டுக்காரர் மொபெட்டோடு நிற்பார். எங்கள் பெண்ணுக்கு அப்போது எட்டு வயது. அன்றைக்கு அவள் தலையை அவரே வாரிவிட்டிருப்பார். வகிடு கோணலாக இருக்கும்.

சென்னையில் சொல்லிக் கொடுத்த பழைய முறையில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஒருத்தருக்குச் சொன்னதை இன்னொருத்தருக்குச் சொல்லாதே. உன் எதிரில் உட்கார்ந்திருக்கும் உடம்பைப் பார். அதன் வயசு என்ன, அது என்ன வேலை செய்கிறது, எங்கே வலிக்கிறது, அதைப் பார்த்து அதற்கு மட்டும் சொல். நான் இதைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் இறுக்கமாகவே பிடித்துக்கொண்டேன்.

முதலில் எங்கள் கம்பெனியிலேயே, மதியச் சாப்பாடு முடிந்த பிறகு, பேக்கிங் ஹாலில் அட்டைப் பெட்டிகளை ஓரம் தள்ளிவிட்டுப் பதினைந்து நிமிடம் சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் என்னைப் போன்ற பெண்கள். கழுத்தும் மணிக்கட்டும் போனவர்கள். அது பரவி ஊருக்குள் பேச்சானது. ஒரு நாள் தோல் வியாபாரி ஒருவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு வீசிங். பெண்கள் மட்டும் நாலைந்து பேர் மாடியில் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள், வருவீர்களா என்று கேட்டார்கள்.

அந்த அம்மாவை நான் ஆபா என்றுதான் கூப்பிட்டேன். உருதுவில் அக்கா. என்னைவிட ஆறேழு வயது பெரியவர். முதல் நாள் எல்லோரும் பாயில் உட்கார்ந்ததும் ஆபா நேராகக் கேட்டார். "டீச்சர், இதுல கும்புடறது எதாச்சும் வருமா? மொதல்லயே சொல்லிருங்க."

"மூச்சு வுடறதுதான் ஆபா வரும்."

"அது எப்படியும் வுட்டுத்தான ஆவணும்" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தக் கேள்வி வந்ததே இல்லை. நானும் சமஸ்கிருதப் பெயர்களை அங்கே சொல்லவில்லை. பூனை, பாலம், கதவு, மேசை என்று எல்லோருக்கும் புரிகிற பெயராக வைத்துக்கொண்டோம். வாரத்தில் நாலு நாள், மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்து அஸர் தொழுகைக்கான பாங்குக்குள் முடிப்போம். காற்று பாலாற்றுப் பக்கமிருந்து திரும்பினால் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை மாடிக்கு ஏறி வரும். அப்போது ஆழமாக மூச்சிழு என்று யாரிடம் சொல்ல முடியும்? "வெளிய வுடற மூச்ச நீட்டுங்க. உள்ள வர்றது தானா வரும்" என்பேன். வேறு எங்கேயும் நான் கற்றுக்கொண்டதில்லை அதை. ஆம்பூர் சொல்லிக் கொடுத்தது.

வகுப்புகள் கூடக்கூடக் கம்பெனி வேலையை விட்டேன். ஆம்பூரில் இரண்டு இடம், வாணியம்பாடியில் ஒன்று, செவ்வாயும் வெள்ளியும் காலையில் வேலூரில் ஒன்று. என் வீட்டுக்காரருக்கு முதல் ஷிப்ட். இரண்டு மணிக்கு வேலை முடியும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, பாய் மூட்டையை மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார். ஆபா வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். மேலே ஆண்கள் வரக்கூடாது. தெருமுனையில் முஸ்லிம் பாய் ஒருவர் நடத்திய டீக்கடை உண்டு. அங்கே ஒரு டீ குடிப்பார். அப்புறம் வந்து ஆபா வீட்டு மதில் நிழலில் வண்டிமேல் உட்கார்ந்திருப்பார். நான் படியிறங்கி வரும்போது வண்டி கிளம்பத் தயாராக இருக்கும். "முடிஞ்சுதா?" என்பார். "முடிஞ்சுது" என்பேன். வீடு வரைக்கும் வேறு பேச்சு இருக்காது. நான் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு வந்திருப்பேன்; எனக்குத் தொண்டை வறண்டிருக்கும்.

வீட்டிலும் அப்படித்தான். எங்களுக்கு ஒரே அறை. காலையில் நான் என்னுடைய பயிற்சியைச் செய்யும்போது அவர் சத்தமில்லாமல் எழுந்து, டீ போட்டுக்கொண்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, வெளியே குழாயடியில் போய் உட்காருவார். நான் கதவைத் திறந்தால்தான் உள்ளே வருவார். அது எனக்கு வசதியாக இருந்தது. வசதியாக இருந்ததால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஆபா வீட்டுக்குப் போகத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகியிருக்கும். ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் என்னைத் தனியாக அழைத்தாள். அவள் கணவன் தோல் மண்டியில் லோடு ஏற்றுகிறவன்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் சொன்னார்னு எங்க வீட்டுக்காரர் நேத்து சுவத்துமேல கால போட்டு தலகீழா நின்னாரு. எறங்குனதும் தல சுத்தி வாந்தி எடுத்துட்டாரு. அவருக்கு பிரஷர் இருக்குது டீச்சர்."

எனக்கு முதலில் புரியவில்லை. "எங்க வீட்டுக்காரரா சொன்னாரு?"

"டீக்கடைல சொல்லுவாராமே. லாரி டிரைவருங்கல்லாம் கேப்பாங்களாம். கழுத்து வலின்னா இது, முழங்கால்னா இதுன்னு. உங்ககிட்ட கத்துக்கிட்டதுன்னு சொன்னாராம்."

படியிறங்கி வந்தபோது அவர் வழக்கம்போல, "முடிஞ்சுதா?" என்றார். நான் வண்டியில் ஏறினேன். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தேன்.

"டீக்கடைல உக்காந்துக்கினு நீங்க யோகா கிளாஸ் நடத்தறீங்களாமே."

அவர் முகம் சிவந்துபோனது. "கிளாஸுலாம் இல்ல. வலிக்குதுன்னு சொல்லுவானுங்க. தெரிஞ்சத சொல்லுவேன்."

"உங்களுக்கு இன்னா தெரியும்? ஒரு நாளாச்சும் பாயில உக்காந்திருக்கீங்களா? எவ்ளோ வருசம் நான் ரயில் ஏறி எறங்கிக் கத்துக்கினேன். அந்த ஆளுக்கு எதாச்சும் ஆயிருந்தா யாரு பதில் சொல்றது? நீங்களா, நானா?"

"எதாச்சும் ஆச்சா அவனுக்கு?"

"வாந்தி எடுத்திருக்கான். பிரஷர் இருக்கறவனப் போய் தலகீழா நிக்க வெச்சிருக்கீங்க. யாருக்கு இன்னா சொல்றதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க கத்துக்கினீங்க இதெல்லாம்?"

"கேட்டேன்" என்றார் மெதுவாக.

"எங்க?"

"மதில்கிட்ட நின்னா கேக்கும். உன் கொரலு தெரு வரைக்கும் வரும்."

இப்போது நினைத்தால், அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். ஒன்பது வருடமாக ஒரு மனிதர் மதிலோரம் நின்று என் குரலைக் கேட்டிருக்கிறார் என்பதை ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நான் யோசிக்கவில்லை. எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. "மெக்கானிக் வேல பாக்கறவங்க மெக்கானிக் வேலய மட்டும் பாருங்க" என்று சொன்னேன். சொன்னது நான்தான். அந்த வாக்கியத்தை இத்தனை வருடத்தில் எவ்வளவோ முறை வேறு மாதிரி மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், மனசுக்குள்.

மறுநாள் சாயங்காலம் அவர் அந்த லோடுக்காரன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார் என்று அந்தப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதன் பிறகும் என்னைக் கொண்டுபோய் விட்டார், கூட்டி வந்தார். ஆனால் மதில் நிழலில் நிற்கவில்லை. இறக்கிவிட்டுவிட்டு நேராகப் போய்விடுவார். பாங்கு சொல்வதற்கு ஐந்து நிமிடம் முன்னால் திரும்ப வருவார். எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மதிலோரம் காலியாக இருந்தது. ஒரு ஆடு படுத்திருந்தது. மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. "இங்கியே நில்லுங்களேன், வெயில்ல எங்க சுத்தறீங்க" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். அதைச் சொல்ல எனக்கு ஏழு வருடம் இருந்தது.

கம்பெனியிலிருந்து அவர் ஓய்வு பெற்று இரண்டாவது வருடம், மொபெட்டை ஸ்டாண்டு போடும்போது அவருக்கு மூச்சு வாங்குவதைக் கவனித்தேன். இருபது வருடம் மற்றவர்களின் மூச்சைக் கவனித்தவள். என் முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டியவரின் மூச்சு குறைந்துகொண்டு வந்ததைக் கவனிக்க எனக்கு அவ்வளவு நாள் ஆனது. வேலூரில் பெரிய டாக்டர் பார்த்தார். நுரையீரல் கெட்டிப்பட்டுக்கொண்டு வருகிறது, திரும்ப இளகாது என்றார். எதனால் என்று கேட்டோம். சில பேருக்கு வருகிறது என்றார். சிகரெட், பீடி எதையும் தொடாத மனிதர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது நான் டாக்டரிடம் தனியாகக் கேட்டதை அவரிடம் சொன்னேன். "மூச்சுப் பயிற்சி செய்யலாமான்னு கேட்டேன். மெதுவா செய்யலாம், தப்பில்லன்னு சொன்னாரு."

அவர் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப என்னயும் சேத்துக்குவியா?" என்றார்.

மறுநாள் காலை கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போக நான் அவரை விடவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, அவரை உட்கார வைத்து, எதிரில் நான் உட்கார்ந்தேன். அவர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. முப்பத்தைந்து வருடம் கூட இருந்த மனிதரின் நாடியை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பிடித்துப் பார்த்தேன்.

"சூடான டீய ஊதற மாதிரி வாயக் குவிச்சு வுடுங்க. அவசரமில்ல. நான் எண்றேன்."

மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது அவர் மூச்சு.

"பரவால்ல" என்றேன். "வெளிய வுடறத..."

"...நீட்டுங்க. உள்ள வர்றது தானா வரும்" என்று அவரே முடித்தார். என் குரலில், நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி. மாடியில் நான் சொல்கிற எல்லாமே அவருக்குத் தெரிந்திருந்தது. எதற்குப் பிறகு எது வரும், எந்த இடத்தில் "கண்ண மூடிக்கங்க" என்பேன், எப்போது அந்தப் பெண்கள் சிரிப்பார்கள், எல்லாம். வரிசை ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆனால் எதுவும் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவது வாரம்தான் அது எனக்குப் பிடிபட்டது. தரையில் கையும் முழங்காலும் ஊன்றி, முதுகை வளைத்து நிமிர்த்துவதைத்தான் நாங்கள் பூனை என்போம். அவருக்கு அதை நாற்காலியில் வைத்தே மாற்றிச் சொல்லலாம் என்று நினைத்து, "பூனை தெரியுமில்ல?" என்றேன்.

"தெரியாம என்ன?" என்று நாற்காலியில் குந்தினாற்போல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்து மடக்கி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். ஜன்னல் கட்டையில் வெயில் காய்கிற பூனை மாதிரி.

"இன்னாங்க இது?"

"பூனை."

"பாலம் காட்டுங்க."

ஒரு கையை அந்த ஓரமும் இன்னொரு கையை இந்த ஓரமும் நீட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, அது நிற்காமல், நான் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருமல் அடங்கியதும் கேட்டேன். "சுவத்துல கால ஏத்துங்கன்னு சொல்லுவேனே. அத எப்படின்னு நெனச்சீங்க?"

"தல கீழ, கால் மேல. வேற எப்படி?"

"மல்லாக்கப் படுத்துக்கினு கால மட்டும் ஏத்தறது அது. முதுகு தரையில இருக்கணும்."

"படுத்துக்கினா" என்றார். "நீ படுக்கச் சொன்னது கேக்கல போலிருக்குது. அந்த நேரத்துல லாரி எதாச்சும் போயிருக்கும்."

ஒன்பது வருடம் மதிலோரம் நின்று, என் சொற்களை மட்டும் வாங்கிக்கொண்டு, அவராகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு உருவம் செய்து வைத்திருந்தார். அவை எல்லாவற்றையும் அவர் என்னிடம் கற்றுக்கொண்ட எட்டு மாதத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கதவு, மேசை, மடிந்த தாள். பாதிக்கு மேல் தவறு. நான் சரிசெய்தேன், அவரால் செய்ய முடியாது என்று தெரிந்தபோதும். சில சமயம் நான் தரையில் செய்து காட்டுவேன். அவர் நாற்காலியிலிருந்து பார்ப்பார். "இதானா அது" என்பார். என் உடம்பு அதையெல்லாம் செய்வதை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அவரை மாணவராக வைத்துக்கொண்ட நாட்களில்தான், ஒருத்தர் உடம்பைப் பார்த்துச் சொல்லிக் கொடுப்பது என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். எந்தப் பக்கம் சாய்ந்தால் அவருக்கு எளிது, எத்தனை சொல்லுக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும், மழைக்கு முன்னால் எத்தனை எண்ணிக்கை குறையும், எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. மூன்று எண்ணிக்கையிலிருந்து ஐந்து வரை போனோம். சில நாள் ஆறு. இது நோயைத் தீர்க்கும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. காலையில் அந்த அரைமணி நேரம் இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது.

ஒரு நாள் பயிற்சி முடிந்து கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தாங்காமல் கேட்டுவிட்டேன். "இவ்ளோ ஆச வெச்சிருந்தீங்க. அப்பவே எனக்கும் சொல்லிக் குடுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டேனே."

"எப்ப?"

"காட்பாடி ஸ்டேஷன்ல. நீ மெட்ராசுக்குப் போவ ஆரம்பிச்ச புதுசு. அந்தம்மாவப் பாத்துட்டு வந்து ரயிலுக்கு நின்னுக்கினு இருந்தோம். பொண்ணு தூங்கிட்டா, என் தோள்மேல. எனக்கும் சொல்லிக் குடேன்னு கேட்டேன். ஞாயித்துக்கெழம பாக்கலாம்னு சொன்ன."

எனக்கு ஞாபகமே இல்லை. இன்றைக்கு வரைக்கும் இல்லை. அந்த பிளாட்பாரத்தையும் தூங்குகிற குழந்தையையும் என்னால் நினைத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் அது ஞாபகமா, அவர் சொன்ன பிறகு நானாகக் கற்பனையில் கட்டிக்கொண்டதா என்று தெரியவில்லை.

"ஞாயித்துக்கெழமதான் நான் மெட்ராஸ் போயிடுவேனே" என்றேன்.

"ஆமா" என்றார். "அதான் அப்புறம் கேக்கல."

அதில் குறை சொல்கிற தொனி இல்லை. ரயில் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். கஞ்சிக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, "உப்பு ஜாஸ்தி" என்றார்.

சனி, ஞாயிறில் மகள் பெங்களூரிலிருந்து வருவாள். ஆக்சிஜன் சிலிண்டரும் மூக்குக் குழாயும் வந்த பிறகு ஒரு மாதம் லீவு போட்டுக் கூடவே இருந்தாள். வகுப்புகளை நிறுத்திவிட்டேன். ஆபா வாரத்துக்கு ஒருமுறை வந்து, அவருக்குப் பக்கத்தில் உட்காராமல், வாசலுக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டுப் போவார். ஒருமுறை அவரிடம், உருதுவில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, "பாய், உங்களால எங்களுக்கு டீச்சர் கெடச்சாங்க. ஒரு நாளும் லேட்டா கொண்டாந்து வுட்டதில்ல நீங்க" என்றார். அவர் கையை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மகள் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு வரை எண்ணினேன். உள்மூச்சு வருவதற்காகக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று தெரியாது. மகள் வந்து என் தோளைத் தொட்டபோதும் காத்துக்கொண்டுதான் இருந்தேன்.

காரியங்கள் எல்லாம் முடிந்தன. மகள் பெங்களூருக்கு வந்துவிடச் சொன்னாள். கொஞ்ச நாள் போய் இருந்தேன். பதினோராவது மாடி. சுத்தமான காற்று. அங்கே என்னால் மூச்சை நீட்டவே முடியவில்லை. திரும்பி வந்துவிட்டேன். காலையில் எழுந்து பாயை விரித்தால் கை தானாகக் கதவுப் பக்கம் போகும். சாத்துவதா, திறந்து வைப்பதா என்று தெரியாமல் நிற்பேன். அப்படியே பாயைச் சுருட்டி வைத்துவிடுவேன். பல மாதம் அப்படிப் போனது.

ஆபாதான் போன் செய்தார். "டீச்சர், நாளைக்கு மூணு மணிக்கு வாங்க."

"என்னால சொல்லிக் குடுக்க முடியாது ஆபா. கொரலு வர மாட்டேங்குது."

"யாரு சொல்லிக் குடுக்கச் சொன்னாங்க? வந்து உக்காருங்க. நாங்க செய்வோம். நீங்க பாருங்க."

ஷேர் ஆட்டோவில் போனேன். அந்தப் பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் ஞாபகப்படுத்திக்கொண்டு, ஒவ்வொன்றாகச் செய்தார்கள். ஆபாவுக்கு இப்போது முட்டி மடங்குவதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு செய்தார். நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். கீழே மதில் நிழல் தெருவில் பாதி தூரம் விழுந்திருந்தது. என் பின்னால் யாரோ, "மூச்ச வுட்டுக்கினே கைய எறக்குங்க" என்று சொன்னாள். நான் திரும்பாமல், "எறக்கும்போது தோள இறுக்காதீங்க" என்றேன். என் குரல் எவ்வளவு சத்தமாக வெளியே போகிறது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். மூன்று வீடு தாண்டிப் போகும் போலிருந்தது.

வகுப்பு முடிந்து படியிறங்கி வந்தால் கால் தானாக மதிலோரம் போய் நின்றது. டீக்கடை பாய் பார்த்திருக்கிறார். கடையை விட்டு இறங்கி வந்தார். அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும். நாங்க ஏழெட்டுப் பேரு இருக்கோம். கம்பெனில இருந்து ரிட்டையர் ஆனவங்க, லாரி ஓட்டுனவங்க. சார் முன்னல்லாம் எதாச்சும் சொல்லுவாரு. அப்புறம் ஏனோ வுட்டுட்டாரு. கேட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாது, டீச்சர்கிட்டதான் கேக்கணும்னு சொல்லிடுவாரு. நீங்க எங்களுக்கு சொல்லிக் குடுப்பீங்களா?"

இத்தனை வருடத்தில் நான் பெண்களுக்கு மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "எங்க வெச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்க மச்சான் கல்யாண மண்டபம் இருக்குது. காலைல சும்மாதான் கெடக்கும். என்னிக்குன்னு நீங்க சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை என்றேன்.

இப்போது ஒரு வருடமாக நடக்கிறது. மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் ஒன்பது பேர். லுங்கியில் வருவார்கள், யாருக்கும் தரையில் நேராக உட்கார வராது. ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து, நாடி பார்த்து, என்ன வேலை செய்தீர்கள், எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்டுத்தான் ஆரம்பித்தேன். எதைச் சொன்னாலும் முதலில் நானே செய்து காட்டுகிறேன். வெறும் சொல்லால் யாருக்கும் எதையும் இப்போது சொல்லிக் கொடுப்பதில்லை.

போன வாரம் புதிதாக ஒருவர் சேர்ந்தார். பேரணாம்பட்டுப் பக்கம். கட்டிங் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். நாடி பார்க்கக் கையைக் கொடுத்துக்கொண்டே, "உங்க வீட்டுக்காரரும் இதெல்லாம் நல்லா பண்ணுவாராமே. டீக்கடை பாய் சொன்னாரு. எத்தினி வருசம் பண்ணாரு?" என்றார்.

"எட்டு மாசம்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்திருப்பார். நான் அவர் கையைக் கீழே வைத்துவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை மேலே தூக்கச் சொன்னேன். அவருக்கு இடது கை காது வரைக்கும் வரவில்லை.